நான் சொல்லாமல் விட்ட நன்றியுரை

கார்மோய்,
நவம்பர்.

அன்புள்ள எய்விந்துக்கு,

இங்கே நலம். படகுக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது; ஆளிடம் சொல்லியிருக்கிறேன். தொலைபேசியை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. பேசினால் காதோரம் சுள்ளென்று இழுக்கிறது. விருந்தில் மிஞ்சிய உலர்ந்த ஆட்டுத்தொடை அப்படியே தொங்குகிறது. எனக்கு மசித்த உருளைக்கிழங்குதான்.

என் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் நீ கோப்பையைத் தட்டி எழுந்தபோது, நல்லதாக நாலு வார்த்தை சொல்வாய் என்றுதான் நம்பினேன். நீயோ கைப்பேசியை எடுத்து, தூக்கத்தில் நான் பல் கடிக்கும் சத்தத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டினாய். "கடல்ல எண்ணெய்க் கிணத்துல ராத்திரி பகலா மெஷின் சத்தம். தப்பிச்சோம்னு வீட்டுக்கு வந்தா, கட்டில்லயும் ஒண்ணு ஓடுதுப்பா!" என்றாய். பாதிரியார்கூடச் சிரித்தார்.

வழக்கப்படி நான் எழுந்து உன் பேச்சுக்கு நன்றி சொல்ல வேண்டும். எழுந்தேன். தாடை திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும் அளவோடு நின்றுவிட்டது. உன் அக்கா இங்கெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், நெகிழ்ந்து போயிட்டா. பேச்சே வரல" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நீயும்தான். சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தக் கைதட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

தாடை மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நழுவியிருப்பதாகப் பல் மருத்துவர் சோல்வெய்க் சொன்னார். பல் கடிக்கிற எல்லோருக்கும் மூட்டு கெட்டுவிடாதாம். ஆனால் ஏற்கெனவே நொந்த மூட்டு அந்தச் சுமையைத் தாங்காதாம். தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தார். நீ விடுப்பில் இருந்தவரை அதில் தேய்ந்த தடங்கள் விழுந்துகொண்டே இருந்தன. நீ கடலுக்குப் போனபின் புதிதாக ஒரு கீறலும் இல்லை. மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுல என்ன மாறிச்சு, குன்வோர்?" என்று கேட்டார். "வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டாரு" என்றேன்.

நன்றியுரை பாக்கி இருக்கிறதே, இதோ. இத்தனை வருடமும் சபையில் என்னை வைத்து ஊரைச் சிரிக்கவைத்தாய். நானும் கூடவே சிரித்துவைத்தேன். அதற்கு நன்றி. இனி என்னால் ஆகாது.

இந்த முறை கரையிறங்கியதும் நேராக இங்கெர் வீட்டுக்குப் போ. அன்று நான் நெகிழவில்லை, வலியில் நின்றேன் என்று உன் வாயாலேயே அவளிடம் சொல். சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. சொல்ல முடியாதென்றால் அங்கேயே தங்கிக்கொள். உன் குளிர்கால உடுப்புகளை அனுப்பி வைக்கிறேன்.

கடல் அமைதியாக இருக்கட்டும். நீ நன்றாகத் தூங்கு. நானும் இங்கே சத்தமில்லாமல் தூங்குகிறேன்.

இப்படிக்கு,
உன் மனைவி
குன்வோர்