காந்தார மெட்டு

செவ்வாய்க்கிழமை. நவராத்திரி மூன்றாம் நாள்.

முழங்கால் மடங்க மறுப்பதால், கதிரையில் இருந்தே வாசிக்கலாம் என்று கிட்டார் உடலில் வீணைக் கழுத்தைப் பொருத்தச் சொல்லியிருந்தேன். அலவத்துகொடையில் தச்சுவேலை செய்யும் நானா நேற்றுக் கொண்டுவந்து தந்தார். இன்று காலை மெழுகை உருக்கி, சுரத்துக்கொன்றான பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு அதில் பதித்தேன். பதித்த இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன்.

மாலையில் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கான ஒத்திகை. வயலின் வாசிக்கும் என் மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டீச்சர், காந்தாரம் கொஞ்சம் ஏறி நிக்குதே."

எனக்குச் சரியாகத்தான் கேட்டது. "குத்துவிளக்குச் சூட்டுல மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கும் புள்ள" என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வீணை என் மடியில்தான் இருக்கிறது. "கைக்குழந்தைய தூங்க வச்சிட்டு வாங்க டீச்சரம்மா" என்று கிண்டல் செய்துவிட்டுக் கணவர் படுக்கப் போய்விட்டார்.

காந்தார மெட்டு கோட்டின் மேலேயே இருக்கிறது. மயிரளவும் நகரவில்லை. அப்படியானால் காலையிலேயே தப்பாகத்தான் பதித்திருக்கிறேன்.

இரண்டு மாதமாக இடது காதில் ஓர் இரைச்சல். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

இறப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்துவிட்டேன்.