பெட்டியைப் பிரிக்காமல் சொன்ன பொய்

என் மல்லிக் கண்ணுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதற்குள் மனதுக்குள் உன்னோடு எவ்வளவோ பேசிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் எழுதித்தான் சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில். ஏனென்றால் நான் பொய் எழுதியதும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. காளப்பநாயக்கன்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா நான் வேலை பார்க்கும் மலைக்கே வந்துவிட்டாள். குளிர் தாங்கவில்லை என்று உன் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறாள். துவைக்கக் கேட்டால் மட்டும் கழற்றித் தருவதில்லை. ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உன் மேசை அப்படியே இருக்கிறது. கூட்டிப் பெருக்க வரும் பாப்பாத்தி உன் கம்ப்யூட்டரைத் தினமும் துடைத்துவிட்டுத்தான் வேறு வேலையைத் தொடுகிறாள்.

அந்த ஜன்னலில்தானே எல்லாம் ஆரம்பித்தது? பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, ஒரு கீமோ ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் உடம்பு தேற என்னிடம் வந்து தங்கியிருந்தாய். மலையின் அரியூர் நாட்டுப் பகுதியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மாத்திரைக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க அம்மணி, காத்தாலைக்கு எது, ராத்திரிக்கு எது? ஊட்டுக்குப் போனா எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரியுதுங்க. இதுல நீங்க எழுதற இங்கிலீசு என்ற பேரனுக்கே தெரியலீங்க."

அவர் போனதும் நீ கேட்டாய்: "ஏக்கா, இந்தப் பிரிண்டர்ல தமிழ் வராதா?"

"வராதுங்கறாங்க."

"ஆரு சொன்னது? வர வெக்கறேன் பாரு."

அன்றைக்கே கிராப் நோட்டு வாங்கி வரச் சொன்னாய். கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாய். நரம்பில் ஊசி போட்ட கை வீங்கியிருந்தால் இடது கையால் வரைவாய். பிறகு அந்தப் புள்ளிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு லைப்ரரி எழுதினாய். அது தனியாக ஒரு வேலையும் செய்யாது என்று எனக்குப் புரிய வைத்தாய். வேறு எந்தப் புரோகிராமுக்காவது தமிழில் அச்சடிக்க வேண்டியிருந்தால் இதைக் கூப்பிடும், இது எழுத்தைப் போட்டுக் கொடுக்கும். அவ்வளவுதான்.

முதல் மருந்துச் சீட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? 'காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு.' ஊசிகளால் புள்ளி புள்ளியாகக் குத்தி அச்சடிக்கும் நம் பழைய பிரிண்டரில் ஊசி ஒன்று உடைந்திருந்ததால் எல்லா எழுத்துக்கும் குறுக்கே மெல்லிய வெள்ளைக்கோடு ஓடியது. பாப்பாத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, எழுத்துக்கெல்லாம் அரணாக்கவுறு கட்டியுட்டிருக்கீங்க?" என்றாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிறு போலத்தான் இருந்தது; அதற்குப் பிறகு அந்தக் கோட்டுக்கு அதுதான் பெயர்.

நம் ஜன்னலில் ஓடியது உனக்குப் போதவில்லை. "இங்க ஓடறது பெரிசில்லக்கா. என்னையும் தெரியாம, என்ற மெஷினையும் பாக்காம, எவரோ ஒருத்தர் ஒரு பிளாப்பிய வெச்சு அவங்க ஊர்ல ஓட்டிக்கணும். அப்பத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்." அதற்காக அதை ஒரு பேக்கேஜாகக் கட்டினாய். எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்று பட்டியல் எழுதினாய். ஒரே கட்டளையில் எல்லாம் தன் இடத்துக்குப் போய்விடும் என்றாய்.

அந்தச் சமயத்தில்தான் யாரோ நன்கொடையாகக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டரும் புதுப் பிரிண்டரும் ஆஸ்பத்திரிக்கு வந்தன. நீ சேலம் ஆஸ்பத்திரிக்கு, மறுபடி படுக்கைக்குக் கிளம்பும் நாள். பிளாப்பியை என் கையில் வைத்து அழுத்தினாய். "அக்கா, அந்தப் பெட்டியப் பிரிச்சு, அதுல இதைப் போட்டுப் பாரு. என்ற மெஷின்ல பாத்தா பத்தாது. அதுல ரெண்டு வருசக் குப்பை கெடக்குது, எது இருக்குது எது இல்லைன்னு எனக்கே தெரியாது. ஒண்ணுமில்லாத மெஷின்ல, என்னையத் தவிர வேற ஆராச்சும் போட்டுப் பாக்கணும்." எனக்காகத் தமிழில் ஒவ்வொரு படியாக எழுதிய தாளையும் மடித்துக் கொடுத்தாய்.

நான் பெட்டியைப் பிரிக்கவில்லை, மல்லி.

ஒரு வாரம் போயிற்று. சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி சேலம், ஞாயிறு திரும்பி மலை. அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலுப்பும் உண்மைதான். ஆனால் நீ ஒருமுறை சொன்னாயே, "இது மட்டும் முடிஞ்சிட்டா எனக்கு வேற வேலையே இல்லக்கா" என்று? அது எனக்குள் போய்த் தைத்திருந்தது. முடியாத வேலை ஒன்று பாக்கி இருக்கும்வரை நீ இருப்பாய் என்று, பி.பார்ம் படித்த நான், மருந்து எது செய்யும் எது செய்யாது என்று தெரிந்த நான், நம்பினேன். அட்டைப் பெட்டி மேல் ஒட்டியிருந்த டேப்பைத் தொடவே கை வரவில்லை.

அடுத்த வாரம் நீ கேட்டபோது உன் முகத்தைப் பார்த்து, "போட்டேன், நல்லா வந்துச்சு" என்று சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. கேட்பாய் என்று தெரிந்து, ஒரு சீட்டையும் அச்சடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தேன். உன் பழைய கம்ப்யூட்டரில், பழைய பிரிண்டரில்.

நீ அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாய். நகத்தால் எழுத்துகளின் குறுக்கே மெதுவாகக் கோடு இழுத்தாய். பிறகு, சம்பந்தமே இல்லாமல், "பாப்பாத்தி நல்லா இருக்காளாக்கா?" என்று கேட்டாய்.

"அவளுக்கென்ன, வாய் ஓயாம இருக்கறா" என்றேன். நீ சிரித்தாய். மருந்து மயக்கத்தில் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

அன்று மாலை இன்டர்நெட்டில் உலகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பை நீ சொல்லச் சொல்ல எழுதினேன். 'என் அக்கா வேறொரு கணினியில் நிறுவிச் சோதித்துப் பார்த்தார்' என்று நானாகவே ஒரு வரி சேர்த்துப் படித்துக் காட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "அந்த வரிய எடுத்துரு. வேற மெஷின்ல இன்னும் ஆரும் போட்டுப் பாக்கல, போட்டுப் பாத்துச் சொல்லுங்கன்னு எழுது."

"ஏன்? நாந்தான் பாத்தேனே?"

"இருக்கட்டும்க்கா. அப்படியே எழுது."

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்து, நம் போன் நம்பரையும் சேர்த்து, பேக்கேஜோடு அனுப்பியபோது உன் வரியை விட்டுவிட்டு என் வரியைப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? உன் பேர் முழுமையாக நிற்கட்டும் என்றா? என் பொய்யை நீ கண்டுகொண்டாயோ என்ற ரோஷமா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

இரண்டு மாதம் முன்னால் ஜெயசீலன் என்று ஒருவர் போன் செய்தார். வேறொரு மலையில், நம்முடையதைப் போலவே சின்ன ஆஸ்பத்திரியில் கணக்கெழுதுகிறவர். "மல்லிகா மேடம் இருக்காங்களா? அவங்க லைப்ரரிய மூணு தடவை போட்டுட்டேங்க. தப்புன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. ஆனா வெறும் வெள்ளைத்தாள்தான் வருது. டெஸ்ட் பண்ணதுன்னு எழுதியிருக்கீங்களே, எதுலங்க டெஸ்ட் பண்ணீங்க? வர்ற வாரமும் ஓடலைன்னா, பழையபடி இங்கிலீஷ் கவரே போதும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

மல்லிகா இப்போது இல்லை என்று சொன்னேன். அவர் பதறி, "அய்யோ, தெரியாமப் பேசிட்டேங்க" என்றார். "நீங்க பேசுனது சரிதாங்க. நாளைக்குக் கூப்புடுங்க" என்றேன்.

அன்றைக்குத்தான் பெட்டியைப் பிரித்தேன். உன் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, உன் மெஷினில் ஓடுகிற அதே லினக்ஸைப் போட்டு, பிறகு உன் பிளாப்பியைப் போட்டேன். ஒவ்வொரு படியும் நீ சொன்னபடியே நடந்தது. கடைசியில் பிரிண்டர் முனகியது. தாள் மட்டும் வெளியே வந்தது, ஒரு புள்ளிகூட இல்லாமல்.

தாளின் அடியில் நீ எழுதியிருந்த கடைசி வரியை அப்போதுதான் படித்தேன். 'வெள்ளையா வந்தா பயப்படாதே, திட்டாதே. என்னைக் கூப்பிடு.'

எங்கே கூப்பிட, கண்ணு?

மறுநாள் ஜெயசீலன்தான் போனிலேயே வழி காட்டினார். எழுத்து வடிவங்கள் இருக்கிற கோப்பு ஒன்றை உன் லைப்ரரி தேடுகிறது, அது என் கம்ப்யூட்டரில் இல்லை, மல்லிகாவின் பழையதில் இருக்கிறதா பாருங்கள் என்றார். இருந்தது. கிராப் நோட்டுக் காலத்தில் நீ கையால் கொண்டுபோய் வைத்த இடத்திலேயே இருந்தது. அதனால்தான் உன் மெஷினில் ஒருநாளும் தவறவில்லை. பேக்கேஜின் பட்டியலில் அதைச் சேர்க்க மட்டும் மறந்திருக்கிறாய். ஒரு வரி. ஒரே ஒரு வரி. அந்த வாரமே நான் பெட்டியைப் பிரித்திருந்தால் படுக்கையிலிருந்தே பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பாய். ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாய்.

ஜெயசீலன் சொல்லச் சொல்ல அந்த வரியைச் சேர்த்தேன். புதுக் கம்ப்யூட்டரில் போட்டதையெல்லாம் அழித்துவிட்டு, ஒன்றுமில்லாத மெஷினாக்கி, மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்தேன். சீட்டு வந்தது. பாப்பாத்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, இதுல அரணாக்கவுறே காணமுங்களே அக்கா!"

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது, மல்லி. புதுப் பிரிண்டரில் அந்தக் கோடு வராது. நான் கொண்டுவந்த சீட்டில் இருந்தது; அன்று நகத்தால் நீ இழுத்தது அந்தக் கோட்டின் மேல்தான். அதற்குப் பெயர் வைத்த பாப்பாத்தியை விசாரித்ததும் அதற்காகத்தான். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே உன் வேலையில் மட்டும் பொய் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு வரி சொன்னாய். அதையும் நான் மாற்றினேன்.

கேட்டிருக்கக் கூடாதா? "ஏக்கா, பிரிக்கலயா?" என்று ஒரு தடவை? நான் அழுதிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லையா?

ஜெயசீலன் போன வாரம் தபாலில் ஒரு சீட்டு அனுப்பினார். அவர்கள் மலையில் யாரோ ஒரு பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரைக்கு. உன் எழுத்து, நீ பார்க்காத ஊரில். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

புதிய அறிவிப்பில் என் வரியை எடுத்துவிட்டேன். முன்பு எழுதியது பொய் என்றும், எழுதியது நான், நீ அல்ல என்றும் போட்டிருக்கிறேன். கீழே நீ சொன்ன வரி இருக்கிறது: போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். யாராவது போன் செய்து வெள்ளைத்தாள் என்றால் நான் எடுத்துப் பேசுவேன். இனி இது எத்தனை முறை மாறினாலும், ஒன்றுமில்லாத ஒரு மெஷினில் முதல் படியிலிருந்து நானே போட்டு, தாளில் எழுத்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வெளியே அனுப்புவேன். பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன், படுத்திருப்பவர்களிடம்கூட.

பெட்டியை இப்போதுதான் பிரித்த,
உன் அக்கா