முத்துக் குகையில் ஆறாவது நாற்காலி

கோகோமோ, இந்தியானா
ஏப்ரல் 12

அன்புள்ள ஜெனட்டுக்கு,

அக்கா லோர்னா எழுதுவது. நானும் டேலும் பிள்ளைகள் மூவரும் சுகம். நீயும் அலாஸ்காக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டு வரிக்கு மேல் நாம் எழுதிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. இவ்வளவு கனமான உறையைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ குறுக்கே பேசுவாய், நான் சீறுவேன். காகிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

டேலுக்கு முழங்கால் வலி தேவலை. பிரென்னாவுக்குப் பதினாலு வயது; பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள், அதனால் சிரிப்பதே இல்லை. அதற்கும் என்னைத்தான் குறை சொல்கிறாள். கோல்பி பேஸ்பால் மட்டையோடுதான் தூங்குகிறான். நீ கடைசியாகப் பார்த்தபோது கைக்குழந்தையாக இருந்த மேய்ஸிக்கு இப்போது ஏழு வயது. அவளுக்கு உன் முகம் போட்டோவில்தான் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் எட்டாம் தேதி ஆர்லாண்டோ போகிறோம், ஐந்து நாள். நாம் அன்று போன அதே கேளிக்கைப் பூங்காதான். நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

அங்கே சாப்பாட்டு மேசை பிடிக்கும் கூத்து உனக்குத் தெரியாததல்ல. அறுபது நாளுக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு இணையத்தில் முன்பதிவைத் திறப்பார்கள். ஆறு ஐந்துக்கு நல்லதெல்லாம் போய்விடும். புதன்கிழமை ஐந்தரைக்கே எழுந்து காபி போட்டு, மடிக்கணினி, டேலின் போன், பிரென்னாவின் போன் மூன்றையும் சமையலறை மேசையில் பரப்பி உட்கார்ந்துவிட்டேன். எந்த நாள் எங்கே என்ன சாப்பாடு என்று வண்ணப் பென்சிலால் கோடு போட்ட தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு மாதமாகத் தொங்குகிறது. டேல் அதைப் பார்த்துவிட்டு, “பிள்ளை பெறப் போனப்பகூட நீ இவ்வளவு தயாரா இல்லியேடி” என்றார். சிரித்தால் கை தடுமாறும் என்று சிரிக்கவில்லை.

மற்ற நான்கு நாளுக்கும் நினைத்ததெல்லாம் கிடைத்தது. முத்துக் குகைதான் பாக்கி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல்கன்னி வேஷத்தில் பெண்கள் நீந்துகிற உணவகம், மொத்தமே இருபது மேசை. பூங்கா விடுதியில் தங்குகிறவர்களுக்குத் தங்கும் நாள் அத்தனைக்கும் அன்றே பிடிக்க உரிமை உண்டு. அதனால் அரிய மேசையைக் கடைசி நாளில்தான் தேட வேண்டும். வெளியே தங்குகிற பாதிப் பேருக்கு அந்த நாள் இன்னும் திறந்திருக்காது. கடைசி நாள் வியாழன். தலைகீழாக நின்று பார்த்தேன், ஐந்து பேருக்கு ஒன்றும் அகப்படவில்லை. எண்ணிக்கையை மாற்றினால் சில சமயம் வேறு மேசை தலைகாட்டும் இல்லையா, ஆறு என்று போட்டுப் பார்த்தேன். மாலை நாலே கால் என்று ஒன்று வந்தது. பிடித்துவிட்டேன்.

நாலே காலுக்கு ராத்திரிச் சாப்பாடா என்று வீடே என்னைக் கேலி செய்கிறது. பல் போனவர்கள்கூட ஐந்து மணிவரை பொறுப்பார்களாம், டேல் சொல்கிறார். ஆறாவது நாற்காலிக்கோ வீட்டில் போர். கோல்பிக்குத் தன் சிநேகிதனை அழைத்துவர வேண்டும். மேய்ஸி தன் துணி ஆமையை உட்கார வைப்பதாகச் சொல்லி, அதற்கு என்ன சூப் என்பதுவரை தீர்மானித்துவிட்டாள். அந்த இடம் காலி இல்லை என்று சொல்லிவிட்டேன். யாருக்கு என்று கேட்டார்கள். ஜெனட் சித்திக்கு என்றேன். டேல் எழுந்து வந்து என் கோப்பையில் காபி ஊற்றினார்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. அன்றும் முத்துக் குகைதான். ஏழு மணி மேசை. நீ எட்டு வயது பிரென்னாவை அழைத்துக்கொண்டு ராட்டினம் சுற்றப் போனாய். எல்லோரும் வந்து சேராமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே மேசையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழரைக்கு நீ ஓடிவந்தபோது, வாசலில் அத்தனை பேர் நடுவில் நான் கத்தினேன். “உன்ன நம்பி ஒரு நாற்காலிகூடப் போட முடியாது. உனக்குன்னு ஒரு குடும்பம் இருந்தாத்தானே தெரியும்.” நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. நீ பிரென்னாவின் கையைப் பிடித்தபடி நின்றாய். செப்டம்பரில் அலாஸ்காவுக்குப் போய்விட்டாய்.

பிப்ரவரியில் ஒரு நாள், பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது காரில் பிரென்னா சொன்னாள். “அன்னைக்கு நான்தான்மா அவசரத்துல கால்சட்டைய நனைச்சுக்கிட்டேன். சித்திதான் ஓடிப்போய்ப் புதுசு வாங்கி மாத்திவிட்டாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாங்க. நீ திட்டினப்பகூடச் சொல்லல.” நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அன்று அவள் புதிதாக ஒரு மஞ்சள் கால்சட்டை போட்டுக்கொண்டு நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணெதிரே இருந்தது, நான் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உனக்கு எழுதலாமா என்று பிரென்னாவிடம் கேட்டேன். எழுது என்றாள்.

ஜெனட், நான் சொன்னது தப்பு. சாப்பாட்டு மேசை போன கோபம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ தாமதமாக வந்தது ஒரு பங்கு என்றால், குடும்பத்தை இழுத்தது முழுக்க என் வாய்க் கொழுப்பு. என்னை மன்னித்துவிடு.

ஜூன் மாதம் உன் ஊர் கோடியாக்கில் சால்மன் மீன் வந்து குவிகிற காலம், உங்கள் மீன் ஆலையில் லீவு கேட்பதே பாவம் என்று எனக்குத் தெரியும். ஐந்து நாளும் வர வேண்டும் என்று கேட்கவில்லை. புதன் கிளம்பி, வியாழன் மத்தியானம் வந்து சேர்ந்தால் போதும். எங்கள் அறையில் விரித்துப் படுக்கிற சோபா ஒன்று இருக்கிறது. அதில் மேய்ஸி தூக்கத்தில் உதைப்பாள், அவ்வளவுதான். முடியாது என்றால் ஒரு வரி எழுது. சாப்பாட்டுக்கு முந்தின நாள்வரை எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத வந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை.

பொய் என்றதும், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே ஒன்று புளுகியிருக்கிறேன். ஐந்து பேருக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றேனே, அகப்பட்டது. ஏழு மணி மேசை, கண்ணாடிச் சுவரை ஒட்டினது. உறுதி செய்ய ஐந்து நிமிஷம் தருவார்கள், திரையில் நொடி இறங்கிக்கொண்டே வந்தது. அந்த எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்து பேர் என்று அமுக்க மனசு வரவில்லை. விட்டுவிட்டேன். அப்புறம்தான் ஆறு போட்டேன். நாலே கால்தான் மிச்சம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரென்னா எல்லாவற்றையும் பார்த்தாள். மற்றவர்கள் போன பிறகு, “முன்னாடியே சித்திக்குன்னு சொல்லியிருந்தா, என் போன்ல முதல்லயே ஆறு போட்டிருப்பேன்லம்மா” என்றாள். கம்பி தெரியச் சிரித்தாள்.

நாலே காலுக்கு நீ வந்துவிடுவாயா என்று கவலைப்படாதே. விமானம் தாமதமாகலாம், பேருந்து தவறலாம், வழியில் எந்தப் பிள்ளையாவது கால்சட்டையை நனைத்துக்கொள்ளலாம். நிதானமாக வா. கால் மணி நேரம் தாண்டினால் மேசையைக் கொடுத்துவிடுவார்கள், கொடுக்கட்டும். எதிரே ஹாட் டாக் வண்டி ஒன்று நிற்கிறது, ஆறு பேரும் நின்றுகொண்டே தின்போம். உனக்குக் கடுகு சாஸ் நிறைய, வெங்காயம் வேண்டாம், நான் மறக்கவில்லை.

உன் வழியெல்லாம் வானம் வெளுத்திருக்கட்டும். நான் வாசலில் நிற்கிறேன். இந்தத் தடவை கடிகாரம் கட்டிக்கொண்டு வரமாட்டேன்.

என்றும் உன்
அக்கா லோர்னா