கட்டவிழ்க்காத பசாசு

அத்தான்,

இன்று பின்னேரம் கோயில் மண்டபத்துக்குள் பின்கதவால் நுழைந்தேன். சிரட்டைக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைக்கும் மணம் மூக்கில் அடித்தது. திருநாளுக்கு அந்தப் பழைய வாசாப்பு நாடகத்தை மறுபடியும் ஆடப்போகிறார்களாம். வாங்கில் சட்டையில்லாமல் இருந்த ஒருவனுக்குப் பசாசு வேடம் பூசிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைதான், ஆனால் தோள் உங்கள் தோளில் பாதி இல்லை. "அண்ணை, பசாசு எப்பிடி நிக்கவேணும் எண்டு ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று கேட்டார்கள். தலையிடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உண்மையாகவே தலையிடித்தது.

அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குக் கடிதம் வாசிக்கும் பழக்கம் கிடையாது. வருகிற கடிதத்தை அக்காதான் வாசித்துச் சொல்லுவாள், நீங்கள் வலையைப் பொத்திக்கொண்டே "ம்" கொட்டுவீர்கள். இதையும் அவளே வாசித்துச் சொல்லட்டும்.

அக்காவைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் உங்களைப் பெலசாலி என்று ஒருவரும் சொன்னதில்லை. உடம்பு இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சமும் இருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னால் அது உடைந்துவிடுமோ என்று நுனியில் இருப்பீர்கள். கோழி உரிக்கத் தந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். "ஊர்ப்பட்ட உடம்பு, உள்ளுக்குள்ள ஒரு கோழிக்குஞ்சு" என்று அக்கா பகிடி பண்ணுவாள். பிள்ளை பிறந்த பிறகு ஞாயிறு பூசைக்கு அவளைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு வருவீர்கள். அவள் உங்கள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கத்துவதால் கடைசி வரிசையிலேயே நிற்பீர்கள். எனக்குத் தெரிந்த அத்தான் அந்த மனிதர்தான்.

பிறகு ஊரில் பாதிப்பேர் போருக்குப் பயந்து அக்கரைக்கு, இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். நீங்களும் ஏறினீர்கள். ஓட்டி உங்களையெல்லாம் நடுக்கடல் மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். இந்தியப் பக்கத்து வள்ளம் ஏதாவது வந்து ஏற்றும், அதுவரை காத்திருக்கவேண்டும். மற்றவர்கள் காத்திருந்தார்கள். உங்கள் பிள்ளைக்குக் கொண்டுபோன தண்ணீர் முடிந்துவிட்டது. அடுத்த தீடையில் ஆட்கள் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் இடுப்பளவுதான் என்று உங்கள் ஐயா காலத்திலிருந்து உங்களுக்குத் தெரியும். கடல் தெரியாதவன் என்றால் பயந்துபோய் இருந்த இடத்திலேயே இருந்திருப்பான். உங்களுக்குக் கடல் தெரியும், அதனால் இறங்கினீர்கள். அந்த வருட வாடைக்காற்று மணலை இடம் மாற்றிப் போட்டிருந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளை கழுத்தில் இருந்தாள். அக்கா உங்கள் கையைப் பிடித்திருந்தாள். அக்கரை மீனவர்கள் தூக்கி எடுத்தது உங்களை மட்டும்தான்.

சில மாதங்களுக்குப் பிறகு நீங்கள் தனியாகத் திரும்பி வந்தபோது அம்மா உங்களைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த அழுகைக்கு நடுவில் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. "இவ்வளவு உடம்பை வைச்சிருந்தும் ரெண்டு சீவனைத் தூக்கேலாமப் போச்சே மோனை." குற்றம் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பெற்ற வயிறு பேசியது. நீங்கள் அழவில்லை. அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போனீர்கள்.

அதிலிருந்து பிடித்தது உங்களுக்கு அந்தப் பெலப் பைத்தியம். கரைவலையில் ஒரு பக்கத்துக் கயிற்றைத் தனியாக இழுப்பேன் என்று மற்ற ஆட்களைத் தள்ளிவிட்டீர்கள். விடியற்காலையில் முருகைக்கல்லைத் தூக்கித் தூக்கி வைத்தீர்கள். சந்தையடியில் சும்மா நின்ற கழுதையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தீர்கள். சனம் சிரித்தது. கழுதைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வழியில் காண்கிற ஆம்பிளைகளையெல்லாம் "கை குடு, மடக்கிப் பாப்பம்" என்று மறித்தீர்கள். தோட்டவெளியிலிருந்து மீன் எடுக்க வருகிறவன்கூட உங்களைக் கண்டால் சைக்கிளைத் திருப்பினான். அதுவரை சிரிக்கலாம். ஒரு செத்தவீட்டில், மகனைப் பறிகொடுத்து அழுத தகப்பனைப் பார்த்து "பெலமில்லாதவன்தான் அழுவான்" என்று சொன்னீர்களே, அன்றைக்கு எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. உங்களைப் பசாசு என்று ஊர் கூப்பிடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வாசாப்புப் பழக்க ஆள் தேடிய அண்ணாவியார் நேரே உங்களிடம் வந்ததில் அதிசயமில்லை. கதையே அப்படி. பெலத்தைத் தவிர வேறொன்றையும் மதிக்காத ஒரு பசாசு. வருகிறவனையெல்லாம் சண்டைக்கு இழுக்கும், தோற்றவனின் எலும்பை மாலையாகப் போடும். ஒரு காலத்தில் அதுவும் மனிதன்தான். அரசனின் போருக்குப் போன நேரம் பெண்சாதியை வெள்ளம் கொண்டுபோக, இனி ஒருபோதும் தோற்காத பெலன் வேண்டும் என்று கேட்டு, பேரையும் மனித உருவத்தையும் விலையாகக் கொடுத்தவன். அவனை அடக்க வருகிற முனிவராலும் வெல்ல முடியாது. கடைசியில் செத்துப்போன பெண்சாதி வந்து பாடுவாள்:

கடல்சூழ்ந்த ஊர்விட்டுக் காவலன் போர்போன
கணவா, உன் பேர்மறந்தாயோ?

அதற்குப் பசாசு பதில் விருத்தம் பாடவேண்டும். பாடினால் உடைந்து விழும். அதன் பிறகு முனிவர் அதன் கழுத்தில் கயிறு கட்டிக் கோயில் வாசலுக்கு இழுத்துப்போக, எங்கள் பங்குச் சுவாமியே தீர்த்தம் தெளித்துக் கட்டை அவிழ்ப்பார். கட்டவிழ்க்காமல் பசாசு வேடக்காரன் கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. எங்கள் ஊரில் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் அது.

நானோ காற்றடித்தால் பறக்கிற ஆள். எந்த வாசாப்பு என்றாலும் எனக்குப் பெண் வேடம்தான். ஆக, உங்கள் பெண்சாதியாக நான். அக்காவின் முகம் எனக்கு இருக்கிறது என்று எல்லோரும் சொல்லுவார்கள்.

விடிய விடிய ஆடவேண்டிய வாசாப்பை ஊரடங்குக்குப் பயந்து மத்தியானம் தொடங்கிப் பொழுதுபட முன்னம் முடிக்கவேண்டிய காலம். எதையாவது வெட்டத்தான் வேண்டும். "உந்தப் பொம்பிளைப் பாட்டை வெட்டுங்கோ அண்ணாவியார். சண்டையைத் தொடாதேங்கோ" என்றீர்கள். அண்ணாவியாரும் தலையாட்டினார். அன்று பின்னேரமே அம்மா அவர் வளவுக்குப் போய் நின்றார்.

"அதை வெட்டாதேங்கோ. என்ர வாயால வந்த சொல்லுத்தான் அவனை இப்பிடி ஆக்கினது. அந்தப் பாட்டிலயெண்டாலும் அவன் ஒருக்கா அழட்டும். அழுதானெண்டா மனிசனாயிடுவான்."

எங்கள் வீட்டுக்கு வேறு ஆசை இருக்கவில்லை, அத்தான். நீங்கள் ஒருதரம் அழவேண்டும். அவ்வளவுதான். அண்ணாவியார் சண்டையில் இரண்டை வெட்டினார். அம்மா அலுமாரியைத் திறந்து அக்காவின் ஊதாச் சேலையை எடுத்து எனக்குத் தந்தார்.

அன்று வெயில் கொளுத்தியது. கரி உருகி உங்கள் நெஞ்சால் வடிந்தது. நீங்கள் ஆடிய ஆட்டத்தில் மேடைப்பலகை எழும்பி விழுந்தது. சின்னப்பிள்ளைகள் அலறித் தாய்மாரின் மடிக்குள் புகுந்தார்கள். நான் சேலையைக் கட்டிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தது. வெளியே வந்து அந்த அடியைப் பாடினேன். நீங்கள் திரும்பினீர்கள். முதலில் சேலையைப் பார்த்தீர்கள், பிறகு என் முகத்தை. வாய் திறந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்தியிலிருந்து ஆமி வாகனம் வந்தது. அன்றைக்கு ஊரடங்கை முன்னுக்கே கொண்டுவந்துவிட்டார்களாம். எல்லோரும் உடனே வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் கொச்சைத் தமிழில் கத்தினார்கள். சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. திறந்த உங்கள் வாய் மூடிக்கொண்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. பாடுங்கள் என்று கத்தவா, ஓடுங்கள் என்று கத்தவா? என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது நீங்கள்தான்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு நீங்கள் உள்ளே வரவில்லை. சுவாமியே வெளியே வந்தார்.

"நாடகம்தானே? உள்ள வா."

"நாடகம்தான் சுவாமி. ஆனா முடியேல்லையே. கட்டவிழ்க்காத பசாசு எப்பிடி உள்ள வாறது?"

அவர் தீர்த்தச் செம்போடு கிட்ட வர, நீங்கள் பின்னுக்குப் பின்னுக்குப் போய்க் கொடிமரத்தடியில் நின்றுகொண்டீர்கள். மிச்சத்தைக் கடற்கரையில் பாடி முடிப்போம் என்று எத்தனை தரம் கூப்பிட்டேன்! "போடா கொக்கு" என்று விரட்டினீர்கள். அண்ணாவியார் ஒருநாள் சொன்னார்: "உவன் கழுதையைத் தூக்குவான். ஒரு விருத்தத்தைத் தூக்க உவனுக்குப் பயம்." அது உண்மைதான். உங்கள் பயத்தை நான் படுதாவுக்கு முன்னால் நின்று பார்த்தவன்.

பிறகு சண்டை கிட்ட வர ஊரே எழும்பியது. தீவை விட்டுக் கடல் கடந்து, இலுப்பைக்கடவைப் பக்கத்தால் நடந்து, காட்டுக்குள் கொட்டில் போட்டோம். வழியெல்லாம் நடக்கமாட்டாதவர்களை நீங்கள்தான் சுமந்தீர்கள். அம்மாவையும் சுமந்தீர்கள். யாரும் நன்றி சொன்னால் கோபம் வரும். காட்டில் தார்ப்பாய்ப் படங்கு கட்டி ஒரு கோயில் வைத்தோம். அதற்குள்ளும் நீங்கள் வரவில்லை. மழைக்குள் வெளியே நின்று செபம் கேட்டீர்கள்.

காட்டுக் காய்ச்சலுக்கு யார் பெலசாலி, யார் கொக்கு என்று தெரியாது. என்னை விட்டுவிட்டு உங்களைப் பிடித்தது. குளிசை, மருந்து ஒன்றும் இல்லை. அந்த உடம்பு உருகிப்போனதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு இருந்தேன். வேறு என்ன செய்ய? கண் மஞ்சளாகி நீங்கள் பிதற்றத் தொடங்கிய காலை, உங்களை முதுகில் போட்டுக்கொண்டு கொட்டில் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். சேற்றில் சைக்கிள் உருளாது. நான் உங்களைத் தூக்கினேன், அத்தான், நான்! அது எனக்குப் பெருமையாக இருக்கவில்லை. அழுகைதான் வந்தது.

பாதி வழியில் உங்களுக்கு அறிவு தெளிந்தது.

"கழுத்தை இறுக்கிப் பிடிச்சிட்டனோ? நோகுதோ மச்சான்?"

"இல்லை அத்தான். நல்லாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

பிறகு என் காதுக்குள் சொன்னீர்கள்: "பிள்ளையும் இறுக்கித்தான் பிடிச்சிருந்தவள். உன்ர அக்காவும் விடேல்லை, நானும் விடேல்லை. தண்ணிக்குத்தான் பெலன் கூட."

இத்தனை வருடத்தில் நீங்கள் அதைப்பற்றிப் பேசியது அந்த ஒருதரம்தான். எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். பேர்மறந்தாயோ என்று அக்காவின் அடியைப் பாடினேன். நடந்த களைப்பில் சுதி எங்கேயோ போயிற்று. முடித்தபோது முதுகில் உங்கள் நெஞ்சு ஏறி இறங்கியது. மெல்லிய குரலில், ஒரு சொல் பிசகாமல் பாடினீர்கள்:

பேர்மறந்தேன் பெண்ணே, பெலனொன்றே கேட்டேன்,
பெற்றபின் யார்க்கென் றறியேன்.

என் பிடரி நனைந்தது. வேர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் விம்மல் கேட்டது. அத்தான், அந்தச் சேற்றுப் பாதையில் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல! அழுதுவிட்டார், அழுதுவிட்டார் என்று மனம் கூத்தாடியது. அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்லவேண்டும் என்று யோசித்தபடி எட்டி நடந்தேன். அடுத்த அடி என்னுடையது, பாடினேன். அதற்கடுத்தது உங்களுடையது. நீங்கள் பாடவில்லை. களைத்துத் தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து, பாட்டை நடுவில் விடக்கூடாதென்று, உங்கள் பங்கையும் நானே பாடினேன். மங்களம் வரைக்கும் பாடினேன்.

ஆஸ்பத்திரி வாங்கில் உங்களை இறக்கிய நேர்ஸ் பிள்ளை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. அப்போதும் நான் சிரித்துக்கொண்டு நின்றேனாம்.

அன்று பின்னேரம் உங்களைப் படங்குக் கோயிலுக்குள் கொண்டுபோனோம். சுவாமி வாசலில் தீர்த்தம் தெளித்தார். அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அழுதவனோ?"

"ஓம் அம்மா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு உங்கள் கால்மாட்டில் போய் இருந்துகொண்டார்.

இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கேட்டதற்கு நான் நின்று காட்டியிருக்கலாம். பசாசின் பங்கு முழுவதும் எனக்குப் பாடம். ஆனால் பாடத் தொடங்கினால் ஓரிடத்தில் நின்றுவிடுகிறேன். என் குரலை நீங்கள் எந்த அடிவரைக்கும் கேட்டீர்கள், எந்த அடியிலிருந்து நான் தனியே பாடிக்கொண்டு போனேன் என்று எனக்குத் தெரியாது. அந்த இடம் எதுவென்று இன்னும் தேடுகிறேன், அத்தான்.