ழூழூவின் தொண்டை

மார்ச் 4

ஸ்டுடியோ வரவேற்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் இன்று என்னிடம், “மேடம், நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டாள். “பூனை” என்றேன். பாவம், அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் உட்காரவைத்து விளக்கினேன். எங்கள் கார்ட்டூனில் ழூழூ என்று ஒருவன் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து ஒரு வீட்டின் வாஷிங் மெஷினுக்குள் விழுகிறான். அந்த வீட்டில் பூசணி என்று ஒரு குண்டுப் பூனை. மனிதர்கள் அதற்குச் சாப்பாடு வைக்கிறார்கள், தடவிக் கொடுக்கிறார்கள், அதன் கழிவை அள்ளிக் கொட்டுகிறார்கள். ஆகவே இந்த உலகத்தை ஆள்வது பூனைதான், மனிதர்கள் அதன் அடிமைகள் என்று ழூழூ முடிவு கட்டிவிடுகிறான். எபிசோடு முழுக்க “மாமன்னர் பூசணி அவர்களே!” என்று கீச்சுக்குரலில் கத்துவது என் தம்பி. பதிலுக்கு மியாவ் சொல்வது நான். பூனைக்குப் பேசிவைத்திருந்த ஆள் முதல் நாள் வரவில்லை. அவசரத்துக்கு நான் கத்திவைத்தேன். நாலு வருடமாக அதுவே நிலைத்துவிட்டது.

உண்மையில் என் வேலை ஒலித் தொகுப்பு. பதிவான குரலிலிருந்து மூச்சு, எச்சில் சத்தம், நாற்காலி முனகல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். அதிலும் தம்பி குரலில் இப்போதெல்லாம் ஒரே கரகரப்பு. நாலு மணி நேரம் கீச்சென்று கத்தினால் எந்தத் தொண்டைதான் தாங்கும்? துடைத்தெடுக்க ஒன்றரை நாள் ஆகிறது. இயக்குநரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ‘வேற ஆளைப் போட்டுப் பாக்கலாமா’ என்று ஆரம்பிப்பார். தம்பியிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயந்து மைக் முன்னால் சொதப்புவான். நானே பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 11

பூசணி இன்று தும்ம வேண்டுமாம். பூனை எப்படித் தும்மும் என்று ஒரு மணி நேரம் விவாதம். இதற்கெல்லாம் படித்தோம்.

மார்ச் 20

தம்பி மனைவி போன் செய்தாள். “அண்ணி, பத்து நாளா சாப்பாடு முழுங்கவே கஷ்டப்படுறாரு. காது வலிக்குதுங்கிறாரு. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.”

உடனே அவனைக் கூப்பிட்டு, நாளை மறுநாள் காலை டாக்டரிடம் போகிறோம் என்றேன். “சரிக்கா” என்றான். அவ்வளவுதான்.

மார்ச் 22

எழுதியே ஆக வேண்டும்.

டாக்டர் கேட்டார், “எத்தனை நாளா இந்தக் கரகரப்பு?” தம்பி சொன்னான், “ஒரு மாசம் இருக்கும் டாக்டர். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குக் குரல்தானே சோறு போடுது, நான் கவனிக்காம இருப்பேனா? இருங்க, கேட்டுப் பாருங்க.” போனை எடுத்துப் போன வாரம் ஒளிபரப்பான எபிசோடைப் போட்டுக் காட்டினான். ஜனவரியில் பதிவு செய்தது. ழூழூ மணி மாதிரி பேசினான். டாக்டர் கேட்டுவிட்டு, “ஆமா, நல்லாத்தான் இருக்கு” என்று எழுதிக்கொண்டார்.

அது நான் துடைத்த குரல்.

பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஐந்து நிமிடம் கழித்து, போனை மறந்துவிட்டேன் என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குத் திரும்ப ஓடினேன். செப்டம்பரிலிருந்தே இருக்கிறது டாக்டர், நான்தான் எடுத்துவிட்டேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஆறு மாசமா?” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம்.

மார்ச் 24

காலேஜில் படிக்கும்போது அவன் சிகரெட் பிடிப்பான். அப்பாவுக்கு வாசனை தெரியக்கூடாதென்று அவன் சட்டையை ராத்திரியோடு ராத்திரியாக அலசிப் போட்டது யார்? பள்ளியில் அவன் கிழித்த மார்க் ஷீட்டை ஒட்டிக் கொடுத்தது யார்? நான்தான். அவன் செய்ததை மூடிவைப்பதற்கே பிறந்தவள் மாதிரி. எல்லாரும் நல்ல அக்கா என்றார்கள். நானும் நம்பினேன்.

மார்ச் 31

வந்துவிட்டது. புற்று.

குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும். கழுத்தில் துளை போட்டு அது வழியாக மூச்சு. “ஆறு மாசம் முன்னாடின்னா கதிர்வீச்சோட முடிஞ்சிருக்கும். பேச்சும் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும்” என்று டாக்டர் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. ஏப்ரல் 21 ஆபரேஷன்.

தம்பி முதலில் கேட்டது: “அதுக்குள்ள மிச்சமிருக்கிற மூணு எபிசோடும் முடிச்சிடலாமா டாக்டர்?”

ஏப்ரல் 3

தம்பி மனைவியோடு மருத்துவமனை வரிசையில் மூன்று மணி நேரம். அழுதுகொண்டே சொன்னாள், “நவம்பர்லயே சொன்னேன் அண்ணி, தொண்டை சரியில்லன்னு. டிவியைப் போட்டு, ‘இதைக் கேளு, எங்க சரியில்ல? ஏதாவது இருந்தா அக்கா சொல்லியிருக்க மாட்டாளா’ன்னாரு. நானும் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கையால் பிடித்தேன்! அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கென்ன வாயில் கொழுக்கட்டையா?

ஏப்ரல் 9

பதிவு. அரை மணிக்கொரு தரம் தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினான். இடைவேளையில் என் தோளில் கை போட்டு, “நல்லவேளைக்கா, இத்தனை வருஷக் குரல் உன்கிட்ட பத்திரமா இருக்கு. வாலு பெரியவளானா போட்டுக் காட்டு” என்றான். வாலு என்பது அவன் மகள். ஐந்து வயது.

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 15

சொல்லிவிட்டேன்.

ஸ்டுடியோ மாடிப்படியில் வைத்து. செப்டம்பரிலிருந்து கரகரப்பு இருந்தது, வேலைக் களைப்பு என்று நினைத்தேன், உன்னை மாற்றிவிடுவார்களோ என்று பயந்து துடைத்தேன், டிவியில் நீ கேட்டதெல்லாம் உன் குரல் இல்லைடா— கடகடவென்று ஒப்பித்தேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடித்ததும், “சரி” என்றான். இறங்கிப் போய்விட்டான்.

ஏப்ரல் 17

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவன் மனைவி எடுத்தாள். “இப்ப வேண்டாம் அண்ணி” என்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. இன்னமும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஏப்ரல் 18

கடைசி எபிசோடு. அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். பத்து மணிக்குச் சரியாக வந்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, என்னைத் தாண்டிப் போய் மைக் முன்னால் நின்றான். ஒரே அறை, ஒரே மைக், ஒரு முழம் இடைவெளி. அவன் எதிரே நான் பூனை.

கடைசிக் காட்சியில் வீட்டுக்காரர்கள் வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிடுகிறார்கள். ழூழூ கத்த வேண்டும்: “மாமன்னா! என் விண்கலத்துக்குள் யாரோ ஈர ஜட்டியைப் போட்டுவிட்டார்கள்! ஆணையிடுங்கள்!” பூசணி சோம்பல் முறித்து ஒரு மியாவ். அவ்வளவுதான் காட்சி.

என்னால் மியாவ் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்தது. இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “பரவாயில்லை, இன்னொண்ணு” என்றார். அவன் மறுபடி முதலிலிருந்து: மாமன்னா, என் விண்கலத்துக்குள். நான் மறுபடி உடைந்தேன். இன்னொன்று. அவனுக்கு மிச்சமிருப்பதே மூன்று நாள் குரல், அதை நான் இப்படி ஈர ஜட்டிக்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறேனே என்று நினைக்க நினைக்க இன்னும் மோசமானது. ஒவ்வொரு தடவையும் ஒரு குறையும் வைக்காமல், கையை விரித்து, கண்ணை உருட்டி, மன்னா மன்னா என்று என்னைப் பார்த்துப் பேசினான். நடுவில் ஒரு “அக்கா” இல்லை. ஒரு “அழாதே” இல்லை. பதினோராவது டேக்கில் ஒரு மியாவ் வந்தது. இயக்குநர் ஓகே சொன்னார்.

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 20

மருத்துவமனை. கதவு பாதி திறந்திருந்தது. வாலுவை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். பல் தேய்ப்பது பற்றி, செருப்பை மாற்றிப் போடக்கூடாது என்பது பற்றி, சும்மா எல்லாம் பற்றி. பதிவுக் கருவி என் பையில் இருந்தது. எடுக்கவில்லை. அது எனக்காகப் பேசின பேச்சு இல்லை.

ஒரு மணி நேரம் வெளியே நின்றேன். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

நான் சொன்ன பிறகும் ஐந்து நாள் குரல் இருந்தது அவனிடம். அதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தரவில்லை.

ஏப்ரல் 21

ஏழு மணி நேரம். முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

மே 2

வீட்டுக்கு வந்துவிட்டான். கழுத்துத் துளையில் வலைத்துணி. பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இருமல் வந்தால்கூடச் சத்தமில்லை, காற்று மட்டும். இருமி முடித்ததும் அவன் மனைவி துடைத்துவிட்டாள். துடைக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

மே 14

கடைசி எபிசோடு இன்று ஒளிபரப்பானது. அதை நான் துடைக்கவில்லை. கரகரப்பு, நடுவில் உடைகிற இடம், எல்லாம் அப்படியே. இயக்குநர் கேட்டுவிட்டு, “இது கொஞ்சம்...” என்று இழுத்தார். “இருக்கட்டும் சார்” என்றேன். விட்டுவிட்டார். வாலு போன் செய்தாள். “அத்தை, லூலூவுக்குச் சளி பிடிச்சிருக்கா?” அவளுக்கு ழ இன்னும் வரவில்லை.

ஆமாம்டி கண்ணு, சளிதான்.

ஜூன் 6

சேனலுக்கு இன்னும் பத்து எபிசோடு வேண்டுமாம். எட்டுப் பேரை வரவழைத்துப் பேசவைத்துப் பார்த்தோம். எல்லாரும் நன்றாகத்தான் கத்தினார்கள். யாரும் ழூழூ இல்லை. கடைசியில் இயக்குநர் ஒரு யோசனை சொன்னார்: நாலு வருடப் பதிவிலிருந்து தம்பியின் சொற்களைப் பொறுக்கி ஒட்டிப் புது வசனம் செய்ய முடியுமா? அவன் சம்மதித்தால் முடியும் என்றேன். கடிதம் அனுப்பினார்கள்.

ஜூன் 11

சம்மதம் வந்தது. கீழே அவன் கையெழுத்தில் ஒரு நிபந்தனை: ‘அக்கா மட்டும்தான் வெட்டி ஒட்ட வேண்டும்.’

இது மன்னிப்பா, தண்டனையா? காலையிலிருந்து மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

ஜூன் 27

தண்டனைதான். எட்டு மணி நேரம் காதுக்குள் அவன் சிரிக்கிறான். ‘மன்னா’ மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. ஒரு வாக்கியம் ஒட்ட அரை நாள். ஒட்டி முடித்ததும் அவன் சொல்லாத ஒன்றை அவன் குரல் சொல்கிறது. வீட்டுக்கு வந்து யாரோடும் பேசப் பிடிப்பதில்லை.

ஜூலை 8

தம்பி வந்திருந்தான்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். கழுத்தில் துணி சுற்றி, கையில் வாலு எழுதிப் பழகும் சிலேட்டு. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டான். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு சிலேட்டில் எழுதினான்: ‘துடைக்காதது.’

மூலப் பதிவுகளை அழிக்காமல்தான் வைத்திருக்கிறேன். திறந்தேன். மார்ச்சில் ஆரம்பித்துப் பின்னோக்கிக் கேட்டான். பிப்ரவரி, ஜனவரி, டிசம்பர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தன் தொண்டையை வேறு யாருடையதோ மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுதினான்: ‘முதல் நாள் எது?’

எனக்குத் தெரியும். தேட வேண்டியதில்லை. செப்டம்பர் 17, மூன்றாவது ‘மன்னா’. அரிசியில் ஒரு கல் கடிபடுகிற அளவுக்குத்தான் இருக்கும். போட்டேன். மூன்று தரம் கேட்டான். திட்டப் போகிறான், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

ஹெட்போனைக் கழற்றினான். சிலேட்டில் நிதானமாக எழுதி, நான் படிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

‘அன்னைக்கே நீ சொல்லியிருந்தாலும் நான் டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டேன்.’

பொய். நான் சொன்னால் அவன் போவான். மார்ச்சில் ஒரு வார்த்தை சொன்னேன், ‘சரிக்கா’ என்றான், மறுநாள் விட்டு மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். இது எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அவனுக்குப் பொய் சொல்ல ஒரு காலத்திலும் வந்ததில்லை. எழுதும்போதும் வரவில்லை. காது சிவந்துவிட்டது.

“ஆமாடா, நீ எங்க கேக்கப் போற” என்றேன்.

தலையாட்டினான். சட்டைக் கையால் சிலேட்டைத் துடைத்தான். பிறகு திரையைக் காட்டி, என்ன தேடுகிறாய் என்று கையாலேயே கேட்டான். இந்த எபிசோடில் ழூழூ முதல்முறையாக மன்னரோடு சண்டை போடுகிறான், அதற்கு ஒரு கோபமான ‘போங்க’ வேண்டும் என்றேன். சாயங்காலம்வரை இரண்டு பேரும் தோளோடு தோளாக உட்கார்ந்து கேட்டோம். நாலு வருடப் பதிவில் நூற்றுப்பத்து ‘போங்க’ இருக்கிறது. ஒன்றில்கூடக் கோபம் இல்லை.