ஒன்பது மணிக்கு முன் துடைத்த தரை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். நானும் நலம்தான், ஆனால் என் விஷயத்தில் அந்த வார்த்தைக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது, பொறுமையாகப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாய், நானும் எது சுலபமோ அதைச் சொல்லித் தப்பித்துவிடுகிறேன். தப்பு உன்மேல் இல்லை, என் சுபாவம் அப்படி. அதனால்தான் கடிதம். பழைய தாளில் எழுதி இரண்டு முறை திருத்திவிட்டு இந்தப் பிரதியை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், வீடு துடைக்க வர்றவங்க ஒழுங்கா வர்றாங்களாப்பா என்று. வர்றாங்கம்மா, ஒரு குறையும் இல்லை என்றேன். அது பொய். அன்றைக்கு அவர் வேலையை விட்டு நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. நின்றதற்குக் காரணம் நான். இப்போது திரும்ப வந்துவிட்டார், அதனால் பயப்படாதே, ஆனால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மாவின் இடுப்பு ஆபரேஷனுக்கு வந்து ஐந்து வாரம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ரெண்டு மாசம் பார்ப்பேன்ப்பா, அதுக்குள்ள நிலையா ஒரு ஆள் அமையலைன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துடணும் என்றாய். நீ சொன்னதில் தப்பே இல்லை. உன் கார் தெரு முனை திரும்பியதும் அம்மா சொன்னாள், அங்க போனா நான் விருந்தாளி, அவ வீட்டு அலமாரியைத் திறக்கக்கூட கேட்டுத்தான் திறக்கணும், சீக்கிரம் ஒரு ஆளைத் தேடுங்க என்று. உன்னிடம் இதைச் சொல்லாதீர்கள் என்றும் சொன்னாள். இப்போது சொல்லச் சொல்லிவிட்டாள்.

ஆள் தேடுவதற்கு நான் பதினான்கு கேள்விகள் எழுதிவைத்தேன். நீ சிரிப்பாய். முதலில் வந்த பெண் இரண்டாம் கேள்வியிலேயே போன் வருகிறது என்று வெளியே போனவர் அப்படியே போய்விட்டார். பிறகு முனை மருந்துக்கடைக்காரர் இன்னொரு பெண்ணை அனுப்பினார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வரச் சொன்ன ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல் வந்து நின்றார். அம்மா அன்றைக்கே அவருக்கு ஒன்பது மணி என்று பெயர் வைத்துவிட்டாள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பதற்குள் அவர் என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். குளியலறையில் தண்ணி தேங்குமா, அம்மா எந்தப் பக்கம் பிடிச்சு நடப்பாங்க, வீட்டுக்குள்ள செருப்பு போடுவீங்களா, இப்படி. கடைசியாக, இந்த வீட்டுல எனக்கு வேலை சொல்றது யாரு, ஒருத்தர் சொன்னா செய்வேன், ரெண்டு பேர் சொன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க என்றார். அம்மா கட்டிலில் இருந்தபடியே, அந்தக் கவலை வேண்டாம், இவர் இதுவரைக்கும் யாருக்கும் எதையும் சொன்னதில்லை என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் வேலை செய்வதை நீ பார்க்கவேண்டும். இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். மூன்று துணி, குளியலறைத் துணி சமையலறைப் பக்கமே வராது. உள்ளறையில் தொடங்கிப் பின்பக்கமாக நடந்துகொண்டே துடைத்து வாசற்படியில் வந்து முடிப்பார், காயும்வரை யாரும் கால் வைக்கக்கூடாது. கல்லூரி ஆய்வுக்கூடத்தை முப்பத்திரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவன் நான், முறை தெரிந்த கை எது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் செய்தேன்.

என்ன செய்தேன் என்றால், முதல் நாள் காலை ஆறு மணிக்கு எழுந்ததும் குளியலறை வடிகாலில் முடி சிக்கியிருப்பதைப் பார்த்தேன். வெளியாள் ஒருவர் வந்து இதைப் பார்ப்பாரே என்று உடம்பெல்லாம் கூசியது. ஆய்வுக்கூடத்துக்குப் பரிசோதிக்க ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து, மேசைகளைத் துடைத்துவிட்டுத்தான் நான் வீட்டுக்கு வருவேன், உனக்கே தெரியும். அந்தப் புத்தி. வடிகாலைச் சுத்தம் செய்தேன், அப்புறம் கழிவறையைத் தேய்த்தேன், சமையலறைத் தரையையும் ஒரு துடை துடைத்தேன். மறுநாள் அது பழக்கமாகிவிட்டது. ஒன்பது மணிக்கு அவர் வரும்போது நான் குளித்துச் சட்டை மாற்றிச் செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்திருப்பேன். அம்மா சொல்லிப் பார்த்தாள், நீங்களே செய்யறதுன்னா அவ எதுக்கு என்று. நாளையிலிருந்து விட்டுவிடுகிறேன் என்பேன். இப்படி மூன்று வாரத்துக்கு மேல் போனது.

அவருக்குத் தெரியாமலா இருக்கும். அவர் காயப்போட்ட துணி காலையில் ஈரமாக இருக்கிறது, கட்டிலுக்கடியில் தூசி இல்லை. ஒருநாள் அம்மாவிடம், வேற யாராச்சும் வேலைக்கு வர்றாங்களா என்று கேட்டிருக்கிறார். புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அம்மா, இல்லையே என்றிருக்கிறாள். அது உண்மைதான், ஆனால் அவர் காதில் பொய்யாக விழுந்திருக்கிறது. அடுத்த புதன்கிழமை மூன்று துணியையும் மடித்து வாளிமேல் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். சார், துடைச்ச தரையைத் துடைக்க எனக்கு வரலை, உங்களுக்கு இன்னொரு ஆள் பிடிச்சிருந்தா அவங்களையே வெச்சுக்குங்க, நான் கோவிச்சுக்கல என்றார். நான்தான் அந்த இன்னொரு ஆள் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் சரிம்மா என்றேன். அவர் போய்விட்டார். நாலே எழுத்துச் சொன்னேன் கண்ணு, அதற்கு எவ்வளவு அலைச்சல் பார்.

வேறு ஆள் தேடுவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டு நானே எல்லாவற்றையும் செய்தேன். ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, குளியலறையில் சோப்புத் தூளை அளவுக்கு மேல் போட்டுவிட்டேன்போல, கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். விழுந்தேன் என்று எழுதினால் நீ கலங்குவாய் என்று முதல் பிரதியில் உட்கார்ந்தேன் என்று மட்டும் எழுதியிருந்தேன், விழுந்தேன் என்பதுதான் சரி. எழுந்திருக்க முடியவில்லை. சத்தம் கேட்டு அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, அவளால் கை கொடுக்கவும் முடியாது, ஈரத்தில் கால் வைக்காதே என்று நான் கத்துகிறேன், அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இருபது நிமிடம் அப்படியே இருந்தோம். பிறகு அவள்தான், ஒருக்களிச்சுப் படுங்க, முட்டி போடுங்க, இப்போ அந்த ஸ்டூலைப் பிடிங்க என்று, தனக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண் சொன்னதையெல்லாம் எனக்குச் சொல்லி எழுப்பிவிட்டாள். எலும்பு முறிவு இல்லை. எக்ஸ்ரே அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் காட்டு. இடது தொடையில் கன்றிப்போனது பச்சையாகி இப்போது மஞ்சளாகிவிட்டது, ஆறுகிறது என்று அர்த்தம்.

இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் உன் போன் வந்தது. ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.  அம்மா, அவகிட்ட பொய் சொல்லித்தான் இந்த வீட்டுல இருக்கணும்னா நாளைக்கே பெட்டி கட்டிடலாம் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 

மறுநாள் மருந்துக்கடையில் விசாரித்தேன். பகல் பதினோரு மணிக்கு அவர் ஒரு பல் டாக்டரிடம் கூட்டித் துடைக்கப் போகிறார் என்றார் கடைக்காரர். பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண் எந்தப் பல்லுங்க ஐயா என்றாள். பல்லுக்கு ஒன்றும் இல்லை, ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றேன். பயப்படாதீங்க ஐயா, ஊசி போட்டா வலியே தெரியாது என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டாள். என் எண் ஏழு. என்ன பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன், ஆனால் ஒன்பது மணி வாளியோடு உள்ளே வந்ததும் அதை எடுக்கத் தோன்றவில்லை. எழுந்து நின்று, வேற ஆள் யாரும் இல்லைம்மா, தினம் துடைச்சது நான்தான், அழுக்கை நீங்க பார்ப்பீங்களேன்னு வெட்கமா இருந்தது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். முன்பு ஒரு வீட்டில் கட்டிலுக்கடியில் காகிதத் துண்டு போட்டுவைத்து, எடுக்கிறாரா என்று சோதித்தார்களாம். நீங்களும் ஏதோ கணக்குப் பண்ணி என்னைச் சோதிக்கிறீங்கன்னு நெனச்சேன் சார், பத்து நாளா அதே யோசனைதான் என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. என் வெட்கத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவன், அவருக்கு அது எப்படித் தோன்றும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அப்புறம் அவர், கழிவறை மூலையை அப்படித் தேய்ச்சது நீங்கதானா, ஆசிட்டை ஊத்தித் தரை ஓரமெல்லாம் வெளுத்துப்போச்சு, பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சேன் என்றார். காத்திருந்தவர்களில் ஒருவர் வலியோடு சிரித்தார். விழுந்ததையும் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் முகம் மாறியது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து வருகிறார். எனக்கு நிபந்தனை இரண்டு. ஒன்பது மணிக்கு முன்னால் நான் துடைப்பத்தைத் தொடக்கூடாது. அவர் வேலை முடிக்கும்வரை பால்கனியில் உட்காரவேண்டும். குளியலறையில் இரண்டு பிடிகம்பி பொருத்தினால்தான் அம்மாவைக் குளிக்கவைக்க உதவுவேன் என்றார், குழாய்க்காரர் நேற்று வந்து பொருத்திவிட்டார். இன்றோடு நாலு நாள். அழுக்கை அழுக்காக விட்டுவைப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்று காலை சமையலறையில் டீ சிந்தியதை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது மணி வந்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போய்விட்டார், அதைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் அவருக்கு இல்லை.

நீ கொடுத்த இரண்டு மாதம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு நீ முடிவு செய்யவேண்டும். இந்த வீடு எப்படி நடக்கிறது என்பதை இனி என்னிடம் கேட்காதே, நான் நம்பத்தகுந்த சாட்சி இல்லை. அவருடைய எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், நேராக அவரையே கேள். அனுமதி வாங்கிவிட்டேன். கேட்கட்டும் சார், உள்ளதைத்தான் சொல்வேன், உங்களுக்காகக் கூட்டியும் சொல்லமாட்டேன் என்றார்.

இந்த இடத்தில் நான் உன் விருப்பம்போல் செய்கிறோம் என்று எழுதி முடித்திருந்தேன். அம்மா பிரதியை வாங்கிப் படித்துவிட்டு அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள். சரிம்மான்னு அவகிட்ட சொன்னீங்களே, அதையேதான் இங்கயும் எழுதியிருக்கீங்க, உங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க என்றாள். அரை மணி நேரம் யோசித்தேன். எனக்கு இந்த வீட்டிலேயே இருக்கவேண்டும், மகளே. முடிகிற மட்டும், அம்மாவோடு இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன். முடியாத நாள் வந்தால் மறைக்காமல் சொல்வேன்.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, நாற்காலியின் உயரத்தை முதலில் பார்க்கச் சொல். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். வீடு துடைக்க வருபவருக்குப் போன் செய்வதானால் பத்தரைக்கும் பதினோரு மணிக்கும் நடுவில் செய், வேலை நேரத்தில் அவர் எடுக்கமாட்டார்.

அன்புடன்,
உன் அப்பா