கோலாலம்பூரில் ஒரு குளிர்ச்சட்டை

ஜனவரி 5, 2025 – ஞாயிறு

மழை விட்டும் முற்றத்துத் தண்ணீர் வற்றவில்லை. கம்பஸில் ஒன்றாகப் படித்த பட்ச்சின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒரே ஆரவாரம். படிப்பு முடித்து இருபது வருடமாம், எல்லோரும் கோலாலம்பூரில் கூடுவதாம். பிறகு கனடாவிலிருந்து சிவகௌரி கோல் எடுத்தாள். விடுதியில் நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்.

"நீ வராட்டி நானும் வரமாட்டன் சுபா."

பயணம் முடிய அவள் என்னோடு எங்கள் ஊர் பண்டத்தரிப்புக்கு வந்து தாயைப் பார்க்கவேண்டும் என்றேன். தகப்பனின் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவேயில்லை.

"ஓமடி, வாறன். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. திடீரெண்டு போய் நிப்பம்."

அவள் தாய் கமலாவதி மாமி கதவைத் திறக்கிற நேரம் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு அதுதான் பயணம்.

ஜனவரி 23 – வியாழன்

மாமியைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்தேன். ஒப்பரேசன் செய்த கண் நல்ல தெளிவாம். "கிணத்துக்கை மிதக்கிற இலையும் தெரியுது பிள்ளை." மலேசியா போவதைச் சொன்னேன்.

"சிவகௌரி வரேல்லையோ?"

"லீவு இல்லையாம் மாமி."

பொய்தான். ஆனால் சொல்லும்போது சந்தோசமாக இருந்தது.

பெப்ரவரி 4

பிள்ளையார் கோயில் செம்மஞ்சள் நூலை மாமி என் வலது கையில் கட்டிவிட்டார். "கவனமாப் போட்டு வா."

பெப்ரவரி 6 – கோலாலம்பூர்

வந்தவர்களில் ஊரிலிருந்து வந்தது நான் மட்டும். என்னைக் கண்டதும் லண்டன் பிரணவன் கையைத் தட்டினான். "உவதான் எங்கடை காவல்காரி. நாங்கள் எல்லாரும் ஓட, உவ நிண்டு யாழ்ப்பாணத்தைக் காக்கிறா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டளையும் போட்டான். எல்லோரும் திரும்பிப் போகும்வரை ஒருவரும் முகநூலில் படம் போடக்கூடாது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"அண்ணை சாவகச்சேரியிலை இருக்கிறார். இவ்வளவு கிட்ட வந்தும் வீட்டை எட்டிப் பாக்கேல்லையோ எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

சிவகௌரி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 7

கேட்டுவிட்டேன். அவள் கொழும்புக்கு ரிக்கற் எடுக்கவேயில்லை. இங்கிருந்து மற்றவர்களோடு பாலிக்குப் போகிறாள்.

"ஊருக்கு வந்தால் அம்மா அழுவா. பிறகு காணிப் பிரச்சினை, சொந்தக்காரரின்ரை குறை. எனக்குக் கிடைச்சது இந்தக் கொஞ்ச லீவுதானடி."

"அப்ப ஏன் வாறன் எண்டனீ?"

"சொல்லாட்டி நீ வந்திருக்கமாட்டாய். நீ பக்கத்திலை இருக்கிறாய்தானே, அம்மாக்கு என்ன குறை?"

பக்கத்தில் இருக்கிறேன். ஓம். நான் இருக்கிறபடியால்தான் அவள் வராமல் இருக்கிறாள் – இந்த உதவியைத்தானா நான் இவ்வளவு காலமும் செய்துகொண்டு வந்தேன்?

பெப்ரவரி 8 – சனி

சனிக்கிழமை அவள் தாயோடு வீடியோவில் கதைக்கும் நாள். இங்கே நல்ல வெயில், கனடாவில் இரவு. நாங்கள் தங்கியிருக்கும் வாடகை வீட்டில் அவள் யன்னல் சீலையை இழுத்து மூடினாள், விளக்கைப் போட்டாள். பெட்டியிலிருந்து தடித்த குளிர்ச்சட்டையை எடுத்துக் கழுத்துவரை பூட்டினாள். சீலை நடுவில் விலகி விலகி வெளிச்சம் வந்தது. பிடி என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

பிடித்தேன்.

"சரியான ஸ்நோ அம்மா, வெளியிலை இறங்கேலாது." நெற்றியால் வியர்வை வழிந்தது. பாவமாக இருந்தது – மற்றக் கையால் ஃபானைப் போட்டுவிட்டேன்.

ஏன் பிடித்தேன்? விட்டிருக்கலாமே. விரலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் வெயில் முழுக்க உள்ளே வந்திருக்கும்.

பெப்ரவரி 10

எனக்கு ஒரு கைப்பை வாங்கித் தந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெப்ரவரி 13 – வீடு

மாமியிடம் போனேன். என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று எல்லாம் கேட்டார். மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை கதைக்கேக்கை அவளுக்குப் பின்னாலை அலுமாரிக் கண்ணாடி. அதுக்கை ஃபான் சுத்தினது. ஸ்நோ கொட்டுற நாட்டிலை ஆர் பிள்ளை ஃபான் போடுறது?"

அவர் என் கையை எடுத்து, தான் கட்டிய நூலைத் தடவினார்.

"இதுவும் தெரிஞ்சது. சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ."

ஏசியிருக்கலாம். போ வெளியிலை என்று சொல்லியிருக்கலாம்.

"கை நொந்திருக்குமே" என்றார்.

படலைவரை வந்து மெல்லச் சொன்னார்: "நான் கண்டனான் எண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதை. பிறகு வெக்கத்திலை சனிக்கிழமையிலும் எடுக்கமாட்டாள்."

பெப்ரவரி 15 – சனி

மாமி கூப்பிட்டார், போனேன். வீடியோவில் கதைக்க மகள் அனுப்பிய பெரிய திரை ரப்பை மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தார். பாலியிலிருந்து சிவகௌரி – அதே குளிர்ச்சட்டை. இந்தமுறை பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அங்கே இப்போது யார் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ.

"இன்னும் குளிரோ பிள்ளை?"

"ஓமம்மா. இந்த வருசம் சரியான குளிர்."

மாமி என்னைப் பார்க்கவில்லை. நான் படத்தில் விழாதபடி ரப்பை மட்டும் கொஞ்சம் சரித்து வைத்தார்.

"வடிவாப் போர்த்திக்கொண்டு படு" என்றார்.